விருத்தசேதனமும் திடீர் சிசு மரணமும்: ஆபத்துப் பட்டியலில் எங்கே வைப்பது?

தாய்சேய்மலர் (கேள்வி)

வணக்கம். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெற்றோருக்குக் கொடுக்க, திடீர் சிசு மரணம் (சிட்ஸ்) பற்றி நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. குப்புறப் படுக்க வைப்பது, புகை, மெத்துமெத்தென்ற படுக்கை, குறைப்பிரசவம் ஆகியவற்றைச் சேர்ப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இழுபறி ஒரே ஒரு வரியில்தான். பிறந்த சில நாளில் செய்யும் விருத்தசேதனம் (சுன்னத்) ஆண் குழந்தைகளுக்கு சிட்ஸ் ஆபத்தைக் கூட்டும் என்று போட்டே ஆக வேண்டும் என ஒரு சாரார் நிற்கிறார்கள். ஆய்வு இருக்கிறது, சிட்ஸில் இறப்பதும் ஆண் குழந்தைகள்தான் அதிகம் என்பது அவர்கள் வாதம்.

அந்த ஆய்வு எவ்வளவு தாங்கும்? போடாவிட்டால் மறைத்ததாக ஆகும், போட்டால் பீதி கிளப்பியதாக ஆகும். இன்னொன்று: மற்ற காரணிகளில் எதற்கு அதிக இடம் ஒதுக்குவது, எதை ஒரு வரியில் முடிப்பது? எல்லாவற்றையும் ஒரே எழுத்தளவில் வரிசையாக அடுக்கினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது.

எண்ணாய்வன்

அவர்கள் சொல்வது அநேகமாக மரபியல் ஆய்வாளர் எரான் எல்ஹைக் 2019இல் வெளியிட்ட கட்டுரையாக இருக்கும். 15 நாடுகளையும் அமெரிக்காவின் 40 மாநிலங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பச்சிளம் ஆண் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்யும் விகிதத்தையும் சிட்ஸ் விகிதத்தையும் ஒப்பிட்டது. இரண்டும் சேர்ந்து ஏறுவதாகக் கண்டது. குறைப்பிரசவத்துக்கும் அதேபோலத் தொடர்பு காட்டியது.

அதில் எண்ணப்பட்டவை நாடுகளும் மாநிலங்களும்தான், குழந்தைகள் அல்ல. இறந்த குழந்தைக்கு விருத்தசேதனம் ஆகியிருந்ததா இல்லையா என்ற தகவலே அந்தத் தரவில் கிடையாது. ஒரு மாநிலத்தில் சிட்ஸில் இறந்த ஆண் குழந்தைகள் அத்தனை பேருக்கும் விருத்தசேதனம் ஆகவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வரைபடத்தில் அந்த மாநிலத்தின் புள்ளி அதே இடத்தில்தான் விழும். இவ்வகைத் தரவிலிருந்து கேள்வி எழுப்பலாம், பதில் எடுக்க முடியாது.

அடுத்தது, கூடவே நகரும் காரணிகள். 2010 மருத்துவமனைக் கணக்குப்படி அமெரிக்க மிட்வெஸ்ட்டில் (வட-மத்திய மாநிலங்களில்) விருத்தசேதனம் சுமார் 71%, மேற்கு மாநிலங்களில் சுமார் 40%. புகைப்பழக்கமும் மிட்வெஸ்ட்டில் அதிகம், மேற்கில் குறைவு. ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) குடும்பங்களில் விருத்தசேதனம் குறைவு, கர்ப்பகாலத்தில் புகைப்பதும் குறைவு, சிட்ஸும் குறைவு. எது எதை இழுக்கிறது என்பதை மாநிலச் சராசரியை வைத்துக்கொண்டு பிரித்தெடுக்க வழியில்லை.

நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது இன்னும் வழுக்கல். சிட்ஸ் என்பது மற்றதையெல்லாம் கழித்த பிறகு சொல்லும் முடிவு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு மூன்றையும் பார்த்த பிறகும் காரணம் கிடைக்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர். இறப்புக் காரணத்துக்கான குறியீடு எழுதும்போது ஒரே மரணத்தை ஒருவர் ஆர்95 (சிட்ஸ்) என்று குறிப்பார், இன்னொருவர் ஆர்99 (காரணம் தெரியாதது) என்பார், மூன்றாமவர் டபிள்யூ75 (படுக்கையில் மூச்சடைப்பு) என்பார். 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவிலேயே ஆர்95இலிருந்து மற்ற இரண்டுக்கும் எழுத்து நகர்ந்திருக்கிறது. குறியிடும் பழக்கமே இப்படி மாறும்போது இரண்டு நாடுகளின் சிட்ஸ் விகித வித்தியாசத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு குமாஸ்தா வேலை என்று யார் சொல்வது?

காலப்போக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் மருத்துவமனையில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கான விருத்தசேதனம் 1979இல் 64.5%, 2010இல் 58.3%. முப்பது வருடத்தில் மெல்லிய சரிவு. சிட்ஸோ 1992இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்து 2001இல் 0.56 ஆனது. பத்தே வருடத்தில் பாதிக்கும் கீழே இறக்கியதில் பெரும் பங்கு மல்லாக்கப் படுக்க வைத்ததற்கு. விருத்தசேதனத்துக்குச் சிறு பங்குகூட இல்லை என்று இது நிரூபிக்காது. இருந்தாலும் அது பெரும் பங்காக இருக்க முடியாது.

ஆண் குழந்தைகள் அதிகம் என்பது உண்மைதான், ஏறத்தாழ 60:40. ஆனால் பச்சிளம் வயதில் விருத்தசேதனம் அரிதான ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆண் பக்கம்தான் கனம். மூச்சுக்கோளாறு, தொற்று, குறைப்பிரசவச் சிக்கல் என்று சிசுப் பருவத்தின் பல மரணங்களிலும் ஆண் குழந்தைகளே அதிகம். ஆகவே அந்த வாதத்துக்கு எடை குறைவு.

பிஞ்சுநலம்

எண்ணாய்வன் சார் கணக்குப் பக்கத்தை முடித்துவிட்டார். இடம் ஒதுக்குவது பற்றி நான் சொல்கிறேன்.

பாதி இடத்தைப் படுக்கைக்குக் கொடுங்கள். படுக்கை என்றால் நிலை, பரப்பு, பக்கத்தில் யார் என்ற மூன்றும். கால் பங்கு புகைக்கு. மீதியில் மற்றவை எல்லாம்.

ஏன் என்று கையேட்டில் சொல்லாவிட்டால் பாட்டிமார் முதல் நாளே குழந்தையைக் குப்புறப் போட்டுவிடுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை மருத்துவர்களே குப்புறப் போடத்தான் சொன்னார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970லேயே கைவசம் இருந்தது என்றும், அப்போதே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்றும் 2005இல் ஒரு தொகுப்பாய்வு கணக்குப் போட்டது. நெதர்லாந்து 1987இல் விழித்தது, பிரிட்டனும் நியூசிலாந்தும் 1991இல், அமெரிக்கா 1992இல்.

என்ன நடக்கிறது: குப்புறக் கிடக்கும் குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. முகத்தைச் சுற்றிக் கரியமிலவாயு சேர்கிறது. சாதாரணக் குழந்தை இந்த நிலையில் நெளியும், தலையைத் திருப்பும், அழும். சிட்ஸில் இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் செரோட்டோனின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) அமைப்பு குறைபட்டிருந்தது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு அந்த விழிப்புத் தூண்டல் சரியாக வருவதில்லை. போதாததற்கு, குப்புறக் கிடந்தால் தூக்கம் ஆழமாகிறது, முகம் வழியாக வெப்பம் வெளியேறுவதும் குறைகிறது. குப்புறப் படுத்தால் "நிம்மதியாகத் தூங்குகிறது" என்று பெற்றோர் சொல்வது சரியான கவனிப்பு. ஆபத்தே அந்த ஆழத் தூக்கத்தில்தான் இருக்கிறது.

1994இல் ஃபிலியானோ, கின்னி என்ற ஆய்வாளர்கள் சொன்ன மும்முனை விளக்கம் இதுதான்: உள்ளே ஒரு பலவீனம், வளர்ச்சியில் ஒரு முக்கியமான பருவம், வெளியிலிருந்து ஓர் அழுத்தம். மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் மரணம். 90% மரணங்கள் 6 மாதத்துக்குள், உச்சம் 2 முதல் 4 மாதம். உள்ளே இருக்கும் பலவீனத்தைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. நம் கையில் இருப்பது வெளி அழுத்தம் மட்டும்.

பரப்பு: கெட்டியாக, தட்டையாக இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிய பிறகு தலை இருந்த இடத்தில் குழி தங்கினால் அந்த மெத்தை ஆகாது. மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. கம்பிகளுக்கிடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. தலையணை, ஓர மெத்தை, பஞ்சுப் பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். 10 பாகைக்கு மேல் சாய்ந்த படுக்கையில் முகவாய் நெஞ்சில் மடிந்து மூச்சுக்குழாய் ஒடுங்கும். வளைந்து தொங்கும் துணித் தொட்டிலிலும் கார் இருக்கையிலும் இதே சிக்கல் உண்டு. காரில் தூங்கிய குழந்தையை வந்து சேர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பக்கத்தில் யார்: ஒரே அறை, தனிப் படுக்கை, குறைந்தது 6 மாதம். சோபாவுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். சோபாவிலோ சாய்நாற்காலியிலோ பெரியவரோடு சேர்ந்து தூங்கிப்போவது எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2022 வழிகாட்டி ஆபத்து 67 மடங்கு வரை போகலாம் என்கிறது. இரவில் பால் கொடுக்கும் தாய்க்குக் கண் சொருகும் போலிருந்தால் சோபாவைவிடத் தலையணை, போர்வை அகற்றிய கட்டில் மேல் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. இதை எழுதாமல் "கட்டிலில் கூடவே கூடாது" என்று மட்டும் எழுதினால், பயந்துபோய்ச் சோபாவில் உட்கார்ந்து கொடுப்பார்கள். நடப்பது அதுதான். மது அருந்தியவர், தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்தவர், புகைப்பவர் பக்கத்தில் எந்தப் படுக்கையிலும் வேண்டாம். 4 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் யாராக இருந்தாலும் வேண்டாம்.

புகை: கர்ப்பத்தில் தினம் ஒரு சிகரெட்டே ஆபத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது, எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. முழுதாக நிறுத்த முடியாதவர் குறைத்தாலும் பலன் உண்டு என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் கைவிட்டுவிடுவார்கள்.

மீதி ஒவ்வொரு வரி. தாய்ப்பால் குறைந்தது 2 மாதம் கொடுத்தால் ஆபத்து ஏறத்தாழ பாதி. பால் குடிப்பது நிலைபட்ட பிறகு தூங்கும்போது சூப்பான் தரலாம், கயிறு கட்டாமல். வாயிலிருந்து விழுந்தால் திரும்பச் சொருக வேண்டாம். பெரியவர் உடுத்துவதைவிட ஒரு அடுக்குக்கு மேல் கூடுதல் உடை வேண்டாம், வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பது இயல்பு. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் சூடு அதிகம். தடுப்பூசிக்கும் சிட்ஸுக்கும் முடிச்சுப் போடுவார்கள், இரண்டும் ஒரே மாதங்களில் வருவதால். தடுப்பூசி போட்ட குழந்தைகளில் சிட்ஸ் குறைவாகவே இருக்கிறது. மூச்சைக் கண்காணிக்கும் வீட்டுக் கருவிகள் மரணத்தைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை.

மறுபக்கம்

எண்ணாய்வன் சார், நாடுகளை ஒப்பிடும் ஆய்வு பலவீனம் என்பதை ஏற்கிறேன். அதற்காகக் கருதுகோளையே தூக்கி எறிய முடியுமா? வலியும் அழுத்தமும் சேர்ந்து குழந்தையின் தாங்குதிறனைக் கரைக்கின்றன என்பதுதான் எல்ஹைக்கின் அடிப்படை. 1997இல் லான்செட் மருத்துவ இதழில் டாடியோ என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டியது என்ன? மரப்பு மருந்து இல்லாமல் விருத்தசேதனம் ஆன குழந்தைகள் 4, 6 மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள், வலிக்குறி அதிகம் காட்டினார்கள். சில நிமிட வலி மாதக்கணக்கில் சுவடு விடுகிறது என்றால், அந்த 2 முதல் 4 மாத உச்சத்தையும் அது எட்டத்தானே செய்யும்? தவிர, விருத்தசேதனத்துக்குப் பிறகு அசைவற்ற ஆழ்துயில் கூடுகிறது என்று 1971லேயே பதிவு இருக்கிறது. எழுப்ப முடியாத தூக்கம்தான் ஆபத்து என்று டாக்டர் பிஞ்சுநலமே மேலே எழுதியிருக்கிறார்.

எண்ணாய்வன்

நியாயமான கேள்வி. டாடியோ ஆய்வு உறுதியாகச் சொல்வது, மரப்பு மருந்து இல்லாமல் செய்யாதே என்பதை. மரப்புக் களிம்பு பூசிய குழந்தைகளின் வலி எதிர்வினை, பூசாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதிகமாக அழுவதிலிருந்து தூக்கத்தில் மூச்சு நிற்பது வரை போக இன்னும் பல படிகள் இருக்கின்றன. நடுவில் ஒன்றுகூட அளக்கப்படவில்லை. அழுகை என்பது விழிப்பு எதிர்வினை. சிட்ஸில் குறைவதாகச் சந்தேகிக்கப்படுவதும் அதே எதிர்வினைதான். ஆகவே அந்த ஆய்வை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். தூக்கப் பதிவும் அப்படித்தான்: 1971இல் ஆழ்துயில் கூடியது என்றார்கள், 1974இல் இன்னொரு குழு விழிப்புதான் கூடியது என்றது. இரண்டுமே அறுவைக்குப் பிந்தைய குறுகிய நேரப் பதிவுகள்.

தீர்க்க வேண்டுமானால் செய்ய வேண்டியது சிட்ஸில் இறந்த ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் அதே வயது, அதே பகுதி, அதே கர்ப்பவாரம் கொண்ட மூன்று நான்கு உயிருள்ள ஆண் குழந்தைகளை இணைத்து ஒப்பிடுவது. விருத்தசேதனம் ஆனதா, எந்த நாளில், என்ன மரப்பு மருந்து, கடைசியாக எந்த நிலையில் தூங்கியது, புகை, படுக்கை எல்லாம் தனித்தனியாக. அதிலும் ஒரு பொறி உண்டு. எடை குறைந்த, உடம்பு சரியில்லாத குழந்தைக்கு மருத்துவர்கள் விருத்தசேதனத்தைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் விருத்தசேதனம் ஆனவர்கள் ஆரம்பத்திலேயே திடமான குழந்தைகள். அதைச் சரிக்கட்டாவிட்டால் விருத்தசேதனம் சிட்ஸிலிருந்து *பாதுகாப்பதாக* முடிவு வந்துவிடும். எதிர்ப்பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

வார்டுசிஸ்டர்

இரண்டு விஷயம் கலந்து போகிறது. விருத்தசேதனத்தால் சிட்ஸ் வருமா என்பது ஒன்று. விருத்தசேதனத்தால் குழந்தை இறக்குமா என்பது வேறு. இரத்தப்போக்கிலோ தொற்றிலோ இறந்தால் காரணம் தெரிந்துவிட்டது, அது சிட்ஸ் ஆகாது. ஆனால் பிரேதப் பரிசோதனை நடக்காத இடத்தில் "தூக்கத்தில் போய்விட்டது" என்று எழுதிவிடக்கூடும்.

அமெரிக்க மருத்துவமனைகளில் 2001 முதல் 2010 வரை விருத்தசேதனம் ஆன 98,33,110 பச்சிளம் குழந்தைகளில் 200 பேர் 30 நாளுக்குள் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு, சுமார் 49,000க்கு ஒருவர். அதை அப்படியே அறுவையின் தலையில் கட்ட முடியாது. இறந்தவர்களில் இதயக் கோளாறு, இரத்தம் உறையாமை போன்ற நோய்கள் அதிகம். அந்தக் கணக்கில் பெற்றோருக்குப் பயன்படுவது அந்தக் கடைசிச் செய்திதான்: நோயுள்ள குழந்தைக்கு அவசரப்படக்கூடாது.

கையேட்டில் போட வேண்டிய விவரம்: வைட்டமின் கே ஊசி போட்டாகிவிட்டதா, குடும்பத்தில் ஹீமோபீலியா (இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உண்டா என்று முன்பே கேட்க வேண்டும். 3 கிலோ குழந்தையின் மொத்த இரத்தம் சுமார் 250 மி.லி.தான். 25 மி.லி. போனாலே பத்தில் ஒரு பங்கு. ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஒரு கறைதான் தெரியும். அதனால் முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை டயப்பரைத் திறந்தே பார்க்க வேண்டும். கறை 2.5 செ.மீ. அகலத்துக்கு மேல் இருந்தாலோ, பரவிக்கொண்டே போனாலோ, 12 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனை.

மரப்பு: அட்ரினலின் கலக்காத 1% லிடோகைன் ஊசியாக. மரப்புக் களிம்பு என்றால், 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் கூடாது. அதிலுள்ள ப்ரிலோகைன் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், குழந்தை நீலம் பாரிக்கும். சர்க்கரைக் கரைசல் துணைக்கு மட்டும், தனியாகப் போதாது. குறைமாதத்தில் பிறந்து இன்னும் கருவயது (கர்ப்ப வாரங்களும் பிறந்த பிறகான வாரங்களும் சேர்ந்தது) 60 வாரத்தைத் தாண்டாத குழந்தைக்கு முழு மயக்க மருந்து கொடுத்தால் பிறகு மூச்சு நின்று நின்று வரலாம். அவர்களை அன்றே வீட்டுக்கு அனுப்பக்கூடாது, இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும்.

இன்னொன்று, யாரும் எழுதுவதில்லை: புண்ணில் டயப்பர் உரசுகிறது என்று குழந்தையை ஒருக்களித்துப் போடுவது, இடுப்புக்கடியில் துணியைச் சுருட்டி வைப்பது. வேண்டவே வேண்டாம். புண் மேல் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகத் தடவி, டயப்பரைத் தளர்வாகக் கட்டி, வழக்கம்போல மல்லாக்கப் போட்டால் போதும். 7 முதல் 10 நாளில் ஆறிவிடும்.

தாய்சேய்மலர்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்ன கடைசிக் குறிப்பு கட்டாயம் போகிறது. டாக்டர், பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டு: மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போகாதா? துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைக்கலாமா?

பிஞ்சுநலம்

முதல் கேள்விக்குப் படம் போடுங்கள், வார்த்தை வேண்டாம். மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் அதற்குக் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் அமைப்பு தலைகீழ். பால் நேராக மூச்சுக்குழாய் வாயில் வந்து தேங்கும். எதுக்களிக்கும் குழந்தைக்கும் மல்லாக்கத்தான். ஒருக்களித்துப் போடுவதும் பாதுகாப்பில்லை, எளிதாகக் குப்புற உருண்டுவிடும். முதுகுப் பக்கமே பழகிய குழந்தையை ஒருநாள் யாரோ குப்புறப் போடுவது இன்னும் மோசம், அதனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதுங்கள். குழந்தை தானாக இரு பக்கமும் புரளத் தெரிந்த பிறகு, மல்லாக்கப் போட்டு ஆரம்பியுங்கள், அதுவாகப் புரண்டால் விட்டுவிடலாம். விழித்திருக்கும்போது ஒருவர் பார்வையில் குப்புறப் போட்டு விளையாட வைப்பது நல்லதே. 7 வாரத்துக்குள் நாளுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரும்படி.

சுற்றுவது சிட்ஸைக் குறைக்காது, சரியாகச் செய்தால் கூட்டுவதும் இல்லை. மெல்லிய துணி, மார்பில் கை நுழையும் தளர்வு, இடுப்பும் முழங்காலும் மடங்க இடம், எப்போதும் மல்லாக்க. எடை வைத்துத் தைத்த சுற்றுத்துணி வேண்டாம். புரளப் பார்க்கும் அறிகுறி வந்த அன்றே நிறுத்திவிட வேண்டும், பெரும்பாலும் 3, 4 மாதத்தில் வரும். கை கட்டப்பட்டுக் குப்புற உருண்ட குழந்தையால் தலையைத் திருப்ப முடியாது.

விருத்தசேதன வரிக்கு என் யோசனை இது: ஆபத்துக் காரணிகள் பகுதியில் போடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் கேள்வி பதிலாக, "விருத்தசேதனம் சிட்ஸை உண்டாக்கும் என்று நிறுவப்படவில்லை, நாடுகளையும் மாநிலங்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று தொடர்பு காட்டியது, குழந்தை வாரியாக அது சோதிக்கப்படவில்லை. செய்வதாக இருந்தால் குழந்தை ஆரோக்கியமாக இருக்கும்போது, மரப்பு மருந்துடன், பயிற்சி பெற்றவர் கையால்" என்று எழுதி, அடியில் சிஸ்டரின் டயப்பர் குறிப்பைச் சேருங்கள். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குத் தனிப் பெட்டி ஒன்றும் வேண்டும்: அவர்களுக்கு ஆபத்து 2 முதல் 4 மடங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சு வசதிக்காகக் குப்புறப் போட்டிருப்பதைப் பெற்றோர் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படியே செய்வார்கள். அங்கே இயந்திரம் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. உடல்நிலை இடம்கொடுத்தால் 32 கருவாரத்திலிருந்தே வார்டில் மல்லாக்கப் போட்டுப் பழக்கத் தொடங்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் அல்ல.